படிவத்தில் இரண்டு வரிசை டிக்குகள்

மாமா,

இன்று காலை மித்ராவின் ஆஸ்பத்திரி ஃபைலைப் பிரித்து, வேண்டாத சீட்டுகளைக் களைந்துகொண்டிருந்தேன். நடுவிலிருந்து நான்கு வருடப் பழைய படிவம் ஒன்று நழுவி விழுந்தது. குழந்தையைப் பற்றிப் பெற்றோர் நிரப்ப வேண்டிய கேள்விகள். என் நீலப் பேனாவின் டிக்குகள் ஒரு வரிசை. அதை ஒட்டி, தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்ட பென்சில் டிக்குகள் இன்னொரு வரிசை. பென்சில் உங்களுடையது. அந்த வரிசை மித்ராவைப் பற்றியதே அல்ல. காலையில் அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. இப்போது சாயங்காலம், மித்ராவை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் மகனைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த மைசூர் விஜயநகர் வீட்டுக்கு வந்தபோது, உங்களைப் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது நீங்கள் பொறுப்பில்லாதவர் என்பதுதான். சொன்னது அத்தை. கோபம்கூட இல்லை, ஊர்ப் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பதவி உயர்வுப் பரீட்சை ஒன்றைக்கூட முழுதாக எழுதாமல் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவர். அக்ரஹாரம் கடைத்தெருவுக்குக் காப்பிப் பொடி வாங்க ஸ்கூட்டரில் போய், பஸ்ஸில் திரும்பி வருபவர். ஸ்கூட்டர் எங்கே என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு நீங்களே முதலில் சிரிப்பீர்கள்.

அந்தச் சிரிப்பில் உங்கள் மகன் மட்டும் சேரமாட்டார். அவருக்கு எட்டு வயதில் நடந்ததை அத்தைதான் எனக்குச் சொன்னார். அரசிகெரே ஸ்டேஷன் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை விட்டுவிட்டு, யாருடனோ பேசிக்கொண்டே நீங்கள் மைசூர் வண்டியில் ஏறிவிட்டீர்கள். ஹாசன் வந்தபிறகுதான் ஞாபகம் வந்திருக்கிறது. அடுத்த வண்டியில் போய் அழைத்து வந்தீர்கள். அப்பாவும் பிள்ளையும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. “நான் என்ன, மறந்து வெச்சுட்டுப் போற குடையா?” என்று என்னிடம் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறார் அவர்.

அத்தை இறந்த இரண்டாவது வருடம் மித்ரா ஐந்தாம் வகுப்பு. தண்ணீர் பாட்டில், ஸ்வெட்டர், கணக்கு நோட்டு என்று வாரம் ஒன்று தொலையும். கேள்வியைப் பாதி படிப்பதற்குள் பதில் எழுதிவிடுவாள், இல்லையென்றால் எழுதவே மாட்டாள். அதெல்லாம் பழகிவிட்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றாள். “நான் மக்கும்மா. மிஸ்ஸுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். நான் ஸ்கூலுக்கு வரல.” பத்து வயதுக் குழந்தையின் குரல் அத்தனை களைத்துப்போயிருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நீங்களும் நானும் நின்றுகொண்டிருந்தோம்.

அவளுடைய வகுப்பாசிரியைதான் டாக்டரைப் பார்க்கச் சொன்னார். நீங்கள் கொதித்தீர்கள். “துறுதுறுன்னு இருக்கற குழந்தைக்கு மூளை மாத்திரையா? மயக்கி உட்கார வைக்கவா? நானும் வர்றேன். அந்த டாக்டர் கிட்ட நானே கேக்கறேன்.” உங்கள் மகனுக்கு அன்று ஃபேக்டரியில் காலை ஷிப்ட். ஆகவே நாம் மூவரும் ஆட்டோவில் போனோம். சண்டைக்குப் போகிறவர் மாதிரி சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வந்திருந்தீர்கள்.

காத்திருந்த நேரத்தில் அந்தப் படிவத்தைக் கொடுத்தார்கள். நான் ஒவ்வொரு கேள்வியாக மெதுவாக வாசித்தேன். ஆரம்பித்த வேலையை முடிக்காமல் விடுவது உண்டா? சாமான்களை அடிக்கடி தொலைப்பது உண்டா? நேரில் பேசினாலும் கவனிக்காததுபோல் தோன்றுவது உண்டா? ஏழெட்டுக் கேள்விக்குப் பிறகு நீங்கள் என் மடியிலிருந்து தாளை எடுத்துக்கொண்டீர்கள். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தீர்கள். மித்ராவுக்கு நான் போட்ட டிக்கைத் திருத்தப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

உள்ளே டாக்டர் அம்மாள் நிறைய நேரம் பேசினார். மித்ராவோடு தனியாகவும் பேசினார். பள்ளியிலிருந்து வந்த படிவத்தையும் பார்த்துவிட்டு, ஏ.டி.எச்.டி. என்றார். கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்திவைக்க மூளை படுகிற சிரமம், சோம்பலும் இல்லை, வளர்ப்புக் கோளாறும் இல்லை என்றார். மருந்து இரண்டு வகை. ஒன்று ஸ்டிமுலன்ட், கொடுத்த அன்றே வேலை செய்யும், அன்று சாயங்காலமே இறங்கிவிடும். இன்னொன்று அந்த வகை இல்லாதது. பிடிக்க வாரக்கணக்காகும், ஆனால் நாள் முழுக்க நிற்கும். மருந்தோடு பள்ளியிலும் வீட்டிலும் சில பழக்கங்களை மாற்ற வேண்டும்.

நீங்கள் கேட்டீர்கள்: “ஸ்டிமுலன்ட்டுன்னா தூண்டி விடறதுதானே டாக்டர்? ஏற்கெனவே ஆடற குழந்தையை இன்னும் தூண்டறதா?”

கன்னடம் கலந்த தமிழில் அவர் சொன்னார்: “நல்லா கேட்டீங்க தாத்தா. குழந்தையைத் தூண்டறதில்ல. அவளை நிறுத்திப் பிடிக்கற பாகம் மூளைல தூங்குது. அதை எழுப்பறது.”

பிறகு குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் படிவத்தை மேஜைமேல் வைத்தீர்கள். “பென்சில்ல போட்டதைப் பாருங்க டாக்டர். எனக்கு அறுபத்தொன்பது வயசாறது. இதெல்லாம் நான்தான்.”

அதற்குப் பிறகு அந்த அறையில் நீங்கள் சண்டை எதுவும் போடவில்லை.

இதயத்துடிப்பு, ரத்த அழுத்தம், எடை எல்லாம் பார்த்து, மித்ராவுக்கு முதல் வகையைத்தான் சிறிய அளவில் ஆரம்பித்தார்கள். முதல் வாரமே கணக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுதாக முடித்தாள். நான் அழுதேன், நீங்கள் அந்தப் பக்கத்தைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினீர்கள். ஆனால் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. சாயங்காலம் ஆனால் பென்சில் முனை உடைந்ததற்கெல்லாம் தேம்பினாள். இரண்டு மாதத்தில் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. “அம்மா, நான் நானா இல்ல” என்றாள். டாக்டர் அளவைக் குறைத்துப் பார்த்தார், அப்போதும் சரிப்படவில்லை. பல குழந்தைகளுக்கு இதுவே நன்றாக ஒத்துப்போகும், இவளுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான், யாருடைய தப்பும் இல்லை என்று சொல்லி இரண்டாவது வகைக்கு மாற்றினார்.

மாற்றிய பிறகு வந்த வாரங்கள் இன்னும் கஷ்டம். முதலில் குமட்டல். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்ததும் அது குறைந்தது. ஆனால் பலன் ஒன்றும் தெரியவில்லை. பள்ளியிலிருந்து மறுபடி போன். மூன்றாவது வாரம் மாத்திரை அட்டையைத் தூக்கி அலமாரிமேல் போட்டேன். “போதும் மாமா. குழந்தையை வெச்சுச் சோதனை பண்ற மாதிரி இருக்கு.”

நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்துக் கொடுத்தது, மாத்திரையே கூடாது என்று கிளம்பிய நீங்கள்தான். “ஆறு வாரம் ஆகலாம்னு டாக்டர் சொன்னாங்களே. இது கூட்ஸ் வண்டிம்மா. மெதுவாத்தான் வரும். ஸ்டேஷனை விட்டுப் போயிடாதே.” காலண்டரில் ஒவ்வொரு நாளும் நீங்கள் பெருக்கல் குறி போட்டீர்கள். பல நாள் போட மறந்து, மறுநாள் இரண்டாகப் போட்டீர்கள்.

ஏழாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுக்கொண்டே நீங்கள் பழைய ஆபீஸ் கதை ஒன்றை ஆரம்பித்தீர்கள். வழக்கம்போல மித்ரா நடுவில் புகுந்தாள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “சாரி தாத்தா. நீங்க முதல்ல முடிங்க.” தட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நீங்கள் அவளையே பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். “எனக்கு என்ன சொல்ல வந்தேன்னே மறந்துபோச்சே!” என்றீர்கள். உங்கள் மகன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

உங்களுக்கும் மருந்து உண்டா என்று அந்த டாக்டரிடமே தனியாகப் போய்க் கேட்டோம். முன்பே இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்ததால், இதய டாக்டரைக் கேட்காமல் எதையும் தொட முடியாது என்றார். இதய டாக்டர் இரண்டு வகையுமே வேண்டாம் என்றார். எனக்குத்தான் ஏமாற்றம். திரும்பும்போது ஆட்டோவில் நீங்கள் சொன்னீர்கள்: “பரவாயில்லம்மா. பேர் தெரிஞ்சுபோச்சு. இத்தனை வருஷம் எனக்கு மனசாட்சியே இல்லைன்னு நெனச்சிட்டிருந்தேன்.” கொஞ்ச தூரம் போனபிறகு, “அவ கிட்ட இதைச் சொல்லியிருக்கலாம்” என்றீர்கள். அத்தையைத்தான் சொன்னீர்கள்.

அத்தையிடம் சொல்ல முடியாததை மகனிடம் சொன்னீர்கள். அன்று சாயங்காலமே, அவர் ஷூவைக்கூடக் கழற்றுவதற்குள். நான் சமையலறையில் இருந்தேன், காதில் விழுந்தது. “அன்னிக்கு உன்னை மறந்தேன்டா. நீ வேண்டாதவன்னு இல்ல. அந்த வண்டி நின்ன ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இப்பவும் பெஞ்சைத்தான் முதல்ல பார்ப்பேன்.” ஷூக்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுகிற சத்தம். பிறகு அவர் குரல்: “அந்த ஸ்டேஷன் மாஸ்டர் எனக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாருப்பா. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க.” முப்பது வருடத்துக்கு மேல் அவர் அந்தப் பிஸ்கட்டை உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தீர்கள். அந்த இரண்டு வருடமும் அவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு காப்பிப் பொடி வாங்கப் போனார்.

மித்ராவுக்கு இப்போது பதினான்கு. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். போன வாரம்கூட ஐடி கார்டு தொலைந்தது. ஆனால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. இன்று டாக்டர், எடையும் உயரமும் நன்றாக இருக்கின்றன, இதே அளவு தொடரட்டும் என்றார். அவரிடம் சந்தேகம் கேட்டதும் மித்ராவே, பதில் சொன்னதும் மித்ராவே. நான் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தபோது, சின்னக் குழந்தையோடு ஒரு பெண் அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை கொடுக்க வேண்டி வருமோ என்று பயமாக இருக்கிறது, வீட்டில் மாமனார் கூடவே கூடாது என்கிறார் என்று கன்னடத்தில் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கதை முழுவதையும் சொன்னேன். பென்சில், கூட்ஸ் வண்டி, எல்லாம். அடுத்த தடவை மாமனாரையும் அழைத்து வா என்றேன்.

அவள் கேட்டாள், “உங்க மாமனார் இப்ப எப்படி இருக்காரு?”

போய்விட்டார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், மாமா. ஆனால் வாயில் வந்தது வேறு. “கடைசி ரெண்டு வருஷம் நிம்மதியா இருந்தாரு” என்றேன்.