கைகோத்து நிற்கும் வெள்ளிக்காசு

அன்பு அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் உன் தையல் கடைக்கு அனுப்பியிருக்கிறாளே என்று பயந்துவிடாதே. இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை.

எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று கவலைப்பட்டாயே, கிடைத்துவிட்டது. பழங்காசு விற்கும் கடை. ரோமாபுரி வெள்ளிக்காசுகளை ஓரத்தில் பிடித்தெடுத்து, சின்ன உறைகளில் போட வேண்டும். ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் பெரும்பாலும் ஒரு பெண். அவள் நிஜப் பெண் இல்லையாம், ஒரு நல்ல குணத்தைப் பெண்ணாக்கி வைத்திருக்கிறார்களாம். தராசு பிடித்தவள் நேர்மை. முக்காட்டை முகத்தருகே இழுத்துப் பிடித்து உட்கார்ந்திருப்பவள் அடக்கம். முதலாளியம்மா அவளைக் காட்டி, "இது நீதான்டி, ஆள் வந்தா அலமாரிக்குப் பின்னாடி ஓடுறவளாச்சே!" என்று சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

நேற்று ஒரு காசில் ஒரு ராஜா மகனும் அவன் மனைவியும் கைகோத்து நின்றார்கள். சுற்றிலும் ‘என்றும் அழியாத ஒற்றுமை’ என்று எழுதியிருக்கிறதாம். எவ்வளவு அழகு என்று சொல்லிவிட்டேன். "அழகுதான். ஆனா அந்த ராஜா மகன் அவகூட உக்காந்து ஒரு வாய் சாப்பிடக்கூட மாட்டானாம். வீட்டுல எது இல்லையோ அதைத்தான்டி காசுல அடிச்சு ஊரெல்லாம் அனுப்புவாங்க" என்றார் முதலாளியம்மா.

எனக்குச் சட்டென்று உன் கடிதம் ஞாபகம் வந்தது. நாங்கள் கேட்காமலேயே, ‘நானும் அவரும் தினமும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம்’ என்று எழுதியிருந்தாய். அதற்கு முந்தைய கடிதத்திலும் அதே வரி. அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நான் நினைப்பது தப்பென்றால் வரும்போது தலையில் ஒரு குட்டு வை, வாங்கிக்கொள்கிறேன். தப்பில்லை என்றால் எனக்கு மட்டுமாவது எழுது அக்கா. கடை விலாசத்துக்கே எழுது, பின்பக்கம் குறித்திருக்கிறேன். எனக்கு இங்கே கடிதம் வரலாமா என்று முதலாளியம்மாவிடம் நானே வாய் திறந்து கேட்டேன். நம்புகிறாயா?

நம் வீட்டு ஜன்னலோரக் கட்டில் உன்னுடையதுதான். நான் இன்னமும் சுவரோரமாகத்தான் படுக்கிறேன்.

எனக்குப் பிடித்த காசு இன்னொன்று. அவள் பெயர் நம்பிக்கை. ஒரு கையில் பூ. மறு கையால் உடையின் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரடி எடுத்து வைக்கிறாள். நீயும் ஓரடி வை, போதும். மீதித் தூரத்துக்கு நான் வருகிறேன்.

உன் பதிலுக்காக அலமாரிக்கு முன்னால் நிற்கும்,
உன் முக்காட்டுக்காரி