மரவள்ளிக்கிழங்கு ஸ்டூ

31 அக்டோபர் 98, சனி

காலையிலேர்ந்து தூறல். விறகு நமத்துப் போச்சு. ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிச்சல்.

மார்க்கெட் போயிட்டு வந்தேன். வெங்காயத்தக் கையால தொட முடியலை. சின்னது, பெருசு ரெண்டும். ஊரெல்லாம் வெங்காயம் அனுப்புற திண்டுக்கல்லுலயே இப்படி. உருளைக்கிழங்கும் ஏறிருச்சு. வழக்கமா வாங்குற கடைக்காரர்: "மடத்துக்குன்னாலும் இதே வெலதான்க்கா. நான் என்ன செய்ய?"

நாளைக்குச் சகல புனிதர் திருநாள். விடுதியில வருசா வருசம் ரொட்டியும் ஆட்டுக்கறி ஸ்டூவும். டீச்சர் ட்ரெயினிங் பிள்ளைக முப்பத்தாறும் ஒரு வாரமா அதே பேச்சு. விடுதியப் பாத்துக்கிற சிஸ்டர்ட்ட போய் நின்னேன்.

"இந்த வருசம் கறி வேணாம் லூர்து. எலும்பு மட்டும் வாங்கு. ஆனா ஸ்டூ இல்லைன்னு சொல்லிராத. பிள்ளைக மொகம் வாடிரும்."

எலும்பு - சொல்லியாச்சு.
கேரட் - கொஞ்சம். பீன்ஸ் கெடையாது.
வெங்காயம் - எப்பவும் போடுறதுல கால்வாசி. மிச்சத்துக்கு முட்டைக்கோஸ்.
தேங்காய் - ரெண்டு. பத்தாது.
உ.கிழங்குக்குப் பதில்?

காய் நறுக்க வார பாண்டியம்மாகிட்டப் புலம்பினேன். அவ வீட்டுக்காரர் சாணார்பட்டிப் பக்கம் மரவள்ளி தோண்டுற வேலைக்குப் போறாராம். "சும்மாவே ஒரு சாக்கு குடுப்பாகக்கா." சாயங்காலம் சைக்கிள்ல வந்து எறங்கிருச்சு. உ.கிழங்கு கவலை தீந்துச்சு.

பாண்டியம்மா போகும்போது சொன்னது: "இது மாவு மில்லுக்குப் போற ரகம்க்கா. கசக்கும். தோலு சீவி ராத்திரி ஊறப்போடுங்க. தொறந்த பானையில வேகவச்சு ரெண்டு தண்ணி வடிச்சிருங்க."

ஊறப்போட்டாச்சு. முதுகு வலி. படுக்கணும்.

1 நவம்பர், ஞாயிறு

முதப் பூசைக்குப் போயிட்டு வந்து அடுப்பு பத்த வச்சேன். மழை இல்லை.

கிழங்கு முதத் தண்ணிய வடிச்சேன். ரெண்டாந் தண்ணி நல்லாக் கொழகொழன்னு வெள்ளையா, தேங்காப்பால் மாதிரியே. கொட்ட மனசு வரலை. மூடி போட்டு அதுலயே எலும்பையும் சேத்து வேகவிட்டேன். ரெண்டு தேங்காயோட பாலும் அதுல சேரவும் நாலு தேங்காப்பால் மாதிரி ஆயிருச்சு.

ருசி பாத்தேன். நாக்கோரம் லேசாக் கசப்பு. மிளகு கூடப் போட்டேன், கொஞ்சம் சீனி. அடங்கிருச்சு.

பந்தி பன்னெண்டரைக்கு. "கறி எங்கக்கா, நீச்சலடிக்கப் போயிருச்சா?" ஒரே சிரிப்பு. ஆனா சாப்டுதுக. ஆயக்குடிப் பிள்ளை செல்வி மூணு வாட்டி வாங்குனா. அவளுக்கு எப்பவும் பசி.

பாண்டியம்மாவுக்கு ஒரு தூக்குவாளி ஊத்திக் குடுத்துவிட்டேன், அவ பிள்ளைகளுக்கு. மிச்சம் பாதிப் பானை இருக்கு, ராத்திரிக்கு ஆகும். சிஸ்டர் சொன்னாக, "சமாளிச்சிட்டயே லூர்து." சந்தோசமா இருக்கு. நான் இன்னும் சாப்பிடலை. அடுப்புல நின்னா எனக்குச் சோறு எறங்காது. செத்த நேரம் கண்ணசரணும்.

2 நவம்பர், திங்கள்

கல்லறைத் திருநாள். எல்லாரும் பூவும் மெழுகுவத்தியுமாப் போறாக. நான் போகலை. அந்தப் பக்கம் பாக்கவே பயமா இருக்கு.

நேத்து நடந்தத எழுதிர்றேன்.

ரெண்டரை மணிக்குக் கதவத் தட்டுனாக. மாடியில ஒரு பிள்ளை வாந்தி. போயிப் பாத்தா மூணு. கீழ வாரதுக்குள்ள ஆறு. தலை சுத்துதுங்குது, வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காருது. செல்வி கட்டில்ல கெடந்தா. மூச்சு வேகவேகமா வாங்குது. கூப்பிட்டா கண்ணத் தொறந்து என்னையப் பாக்குறா, பேச்சு வரலை.

ரெண்டு வேன் பிடிச்சுப் பெரியாஸ்பத்திரி. மொத்தம் பதினாலு பேரு. டாக்டரம்மா, "என்ன சாப்பிட்டாங்க?"ன்னாக. சிஸ்டர், "எப்பவும் போல ஸ்டூ டாக்டர். மழையில மேல்தொட்டித் தண்ணி கலங்கிருக்கு, அதாத்தான் இருக்கும்." நான் ரெண்டடி தள்ளித்தான் நின்னேன். வாயத் தொறக்கலை. தொட்டியா இருக்கட்டும், தொட்டியா இருக்கட்டும்னு செபமாலை மாதிரி மனசுக்குள்ள ஓடுது. எனக்குத் தெரியும் தொட்டி இல்லைன்னு.

மிச்சம் இருந்த ஸ்டூ ஞாபகம் வந்துச்சு. விடுதிக்கு ஓடிவந்து அம்புட்டையும் சாக்கடையில ஊத்துனேன். ஊத்தும்போதுதான் தூக்குவாளி ஞாபகம். பாண்டியம்மாவுக்கு ரெண்டு பிள்ளைக. சின்னதுக்கு நாலு வயசு.

போன் எங்க இருக்கு அவ வீட்டுல. பஸ் ஸ்டாண்டு. சாணார்பட்டி வண்டி நின்னு நின்னு போகுது. கண்டக்டர் ரெண்டு வாட்டி டிக்கெட் கேட்டாராம், எனக்குக் காதுல விழலை. எறங்கி வயக்காட்டு வழியா ஓட்டமும் நடையும். செருப்பு அந்துபோச்சு, கையில எடுத்துக்கிட்டேன். அவ வீட்டு வாசல்ல தூக்குவாளி கழுவிக் கவுத்தி வச்சிருந்துச்சு. அதப் பாத்ததும் அங்கயே உக்காந்துட்டேன்.

பிள்ளைக ரெண்டும் ஓடிவந்துச்சுக. நல்லாத்தான். பின்னாடி பாண்டியம்மா.

"என்னக்கா இம்புட்டுத் தூரம்?"

"ஸ்டூ. பிள்ளைக்குக் குடுத்தியா?"

"இல்லக்கா, தப்பா நெனச்சுக்காதீக. வாயில வச்சுப் பாத்தேன், கசந்துச்சு. குப்பைக்குழியில கொட்டி மண்ணப் போட்டு மூடிட்டேன். கசந்தா பிள்ளைக்குக் குடுப்பாகளா?"

நடந்ததச் சொன்னேன். அவ மொகம் வெளுத்துப் போச்சு. "நான் கொண்டாந்த கெழங்குதானக்கா. என்னையப் பிடிப்பாகளா?" ரெண்டு பிள்ளையையும் இழுத்து அணைச்சுக்கிட்டா. "நீ சரியாத்தான் சொன்ன, நாந்தான் கேக்கலை"ன்னேன்.

அடுத்த பஸ்ஸுலயே திரும்பி நேரா ஆஸ்பத்திரி. டாக்டரம்மா வெளிய வரவும் முன்னால போயி நின்னேன். எப்படியோ சொன்னேன். மரவள்ளி, மில்லு ரகம், ரெண்டாந் தண்ணிய வடிக்கலை, மூடி போட்டு வேகவச்சேன்.

"கசந்துச்சா?"

"கசந்துச்சு. மிளகு போட்டேன்."

திட்டலை. "அந்தக் கசப்புதான் விஷம். இத மத்தியானமே சொல்லிருக்கணும்"னு சொல்லிட்டு வேகமா உள்ள போயிட்டாக. நர்சுக ஓடுறாக. மதுரையிலேர்ந்து ஏதோ மருந்து வரணுமாம், ஆளு போச்சு. செல்விக்கு மூக்குல ஆக்சிஜன். சிஸ்டர் என்னையப் பாக்கவே இல்லை.

காலையில பதிமூணு பேரு தெளிவு. செல்வி மட்டும் இன்னும் மயக்கத்துல. அடுப்பு பத்த வைக்கலை. பிள்ளைகளுக்குக் கடையில இட்லி.

கர்த்தரே. வேற என்ன எழுத.

3 நவம்பர், செவ்வாய்

மழை. செல்வி காலையில தண்ணி கேட்டாளாம். கேட்டதும் சமயக்கட்டுல நின்னு அழுதேன். ஆனாலும் வாசல்ல ஜீப்புச் சத்தம் கேட்டா போலீஸோன்னு எட்டிப் பாக்குறேன்.

சிஸ்டர் கூப்பிட்டு விட்டாக. பெட்டிய அடுக்கி வச்சிட்டுத்தான் போனேன்.

"ஏன் என்ட்ட முதல்ல சொல்லலை?"

"பயம் சிஸ்டர்."

"எலும்பு போதும்னது நானு. ஸ்டூ இல்லைன்னு சொல்லிராதன்னதும் நானு. உன்னைய அனுப்பினா நானும்ல போகணும்." பெறகு, "பெரிய சிஸ்டருக்குக் கடுதாசி எழுதிருக்கேன், ரெண்டு பேரு பேரும் போட்டு. என்ன சொல்றாகளோ."

பாண்டியம்மா வேலைக்கு வரலை.

4 நவம்பர், புதன்

செல்வியோட அப்பா ஆயக்குடியிலேர்ந்து வந்திருக்கார். கொய்யாத் தோப்புல காவலாம். பாக்கப் போகாம இருந்திருவமான்னு வார்டு வாசல் வரைக்கும் யோசனை. போனேன். மெலிஞ்ச ஆளு. கையில மஞ்சப்பை.

"ஏனுங்க, நீங்கதான் சமைக்கிறவங்களா?"

"ஆமா."

அடிப்பாருன்னே நெனச்சேன். அடிச்சிருந்தாத் தேவலை.

"புள்ளைகிட்டக் கேட்டனுங்க, கசந்தா துப்பியிருக்கலாமே கண்ணுன்னு. கசந்துச்சுதானுங்கப்பா, ஆனாப் பசிச்சுச்சுங்கறா." சொல்லிட்டு மகளப் பாத்துக்கிட்டே நின்னார். செல்வி என்னையப் பாத்துச் சிரிக்கப் பாத்தா. நான் அவ காலடியில உக்காந்தேன். பாதத்தத் தொட்டேன், ஜில்லுன்னு இருந்துச்சு. போர்வைய இழுத்து விட்டேன்.

நாளைக்கு அவள ஊருக்குக் கூட்டிட்டுப் போறார். திரும்ப அனுப்புவாரான்னு கேக்கத் துணிச்சல் இல்லை.

வீடு வரை போயிப் பாண்டியம்மாவ வரச் சொல்லிட்டு வந்தேன். வாரேன்னா. வீட்டுக்காரர் விடுவாரான்னு தெரியலையாம்.

5 நவம்பர், வியாழன்

பாண்டியம்மா வந்துட்டா. நாலு நாளைக்கப்புறம் அடுப்பு. சோறு, பருப்பு ரசம், முட்டைக்கோஸ் பொரியல். அம்புட்டுத்தான். உப்புப் பாக்கவே ரெண்டு வாட்டி கை பின்னால போச்சு. பாண்டியம்மாவையும் பாக்கச் சொன்னேன். "நல்லாருக்குக்கா"ன்னா. திரும்பவும் பாக்கச் சொன்னேன்.

ஒரு மணிக்கு மணி அடிச்சுச்சு. பிள்ளைக வந்து உக்காந்துச்சுக. செபம் சொன்னாக. பரிமாறி முடிச்சேன்.

ஒருத்தியும் கை வைக்கலை.

என்னையப் பாக்கலை. எல்லாம் தட்டையே பாக்குதுக. சோத்துல ஆவி பறக்குது.

உள்ள போயி ஒரு தட்டு எடுத்துட்டு வந்தேன். சட்டியிலேர்ந்து அவுகளுக்கு முன்னாலயே சோறு போட்டு ரசம் ஊத்திக்கிட்டேன். செல்வி எடம் காலியா இருந்துச்சு, அங்க உக்காந்தேன். பெசைஞ்சேன். வாயில வச்சேன், முழுங்கினேன், அடுத்த வாய் எடுத்தேன். தட்டு காலியாகுற வரைக்கும் முப்பத்தஞ்சு பிள்ளைகளும் பாத்துக்கிட்டே இருந்துச்சுக.