இருபத்து மூன்றாம் நம்பர்

ஜனவரி 21, செவ்வாய்

இன்று முதல் நான் அத்தாவின் கிரைண்டர் கம்பெனியில் இருபத்து மூன்றாவது ஆள். பெற்ற மகளுக்குச் சம்பளம் கிடையாது. டச் போனைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பட்டன் போன் தந்தார். உள்ளே சியூஜி சிம். கம்பெனி ஆட்கள் இருபத்திரண்டு பேரோடு மட்டும் பேசலாம். வெளி நம்பர் எதை அழுத்தினாலும் 'அனுமதி இல்லை'.

ஆபீஸ் தனபால் அண்ணன் கம்ப்யூட்டரில் என் பெயருக்கு நேராக இரண்டு டிக் போட்டார். வெளியே போவதற்கு ஒரு தடை, உள்ளே வருவதற்கு ஒரு தடை.

"தப்பா நினைக்காதீங்க அம்மணி. முதலாளி சொல்லிப்போட்டாருங்க."

சிம்மாசனத்தில் இருந்தவள் சிம்மால் சிறைப்பட்டேன். எழுதும்போது எனக்கே சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 22

காரணத்தையும் எழுதணும். திங்கட்கிழமை காலை கம்பெனி லேண்ட்லைனிலிருந்து, விளையாட்டுக்கு ஸ்கூல் ஆபீஸ் மேடம் குரலில், கூடப் படிக்கும் ஹர்ஷிணிக்குப் போன் போட்டேன். "பிளஸ் டூ பிராக்டிகல் இன்னைக்கே வெச்சாச்சும்மா, ஒன்பது மணிக்கு வந்துரு." நான்தான் என்று தெரிந்து திருப்பிக் கூப்பிட்டுத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்திருக்கிறாள். சுங்கம் ரவுண்டானாவில் விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நிஜ பிராக்டிகலுக்குப் பதினாறு நாள்தான் இருக்கு.

பொள்ளாச்சியில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாளாம். நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்?

ஜனவரி 23

டெலிவரி வேன் நிஜாம் அண்ணனிடம் கெஞ்சினேன். அவர் போனில் ஹர்ஷிணிக்கு ஒரே ஒரு கால். "உங்க அத்தா குரல்ல பேசி என்னைய லோடோட பல்லடம் வரைக்கும் அலைய உட்டியே, மறந்துபோட்டியா?"

ஃபிட்டிங் மாசாணியம்மாள் அக்கா: "என்ற போனும் உன்ற போன் மாதிரித்தான் கண்ணு. வெளிய போகாது."

ஜனவரி 24

ஜூஸ் கடைக்காரர் போனில் பேசிவிட்டேன். எடுத்தது ஹர்ஷிணியின் அப்பா, சென்னகிருஷ்ணன் அங்கிள்.

"அங்கிள், உஸ்மா பேசறேன்."

"நிஜ உஸ்மாங்களா, இல்ல உஸ்மா மாதிரிப் பேசறவங்களா?"

கட் பண்ணிவிட்டார். எப்பவும் என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். இன்னைக்கு 'ங்க' போட்டார். திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல.

ஜனவரி 25

கண்ணாடி முன்னால் என் சொந்தக் குரலில் 'சாரி' சொல்லிப் பார்த்தேன். யாரோ மிமிக்ரி செய்வது போல இருந்தது.

ஜனவரி 27

அத்தாவிடமே போய்க் கேட்டேன். கணக்கு நோட்டை மூடினார். பிறகு, "ஒரே ஒரு வெளி நம்பர். அதுவும் அந்தப் புள்ள சம்மதிச்சாத்தான்."

தனபால் அண்ணன் அனுமதிப் பட்டியலில் ஹர்ஷிணி நம்பரைச் சேர்த்தார். அவளுக்கு ஒரு மெசேஜ் போகும். சம்மதம் என்றால் 1, இல்லை என்றால் 2.

"பதிலே வரலைன்னா அண்ணா?"

"மூணு நாள்ல தானா அழிஞ்சுருமுங்க."

ஜனவரி 28

வரவில்லை.

ஜனவரி 29

தனபால் அண்ணனுக்கு ஏழாவது போன். "வந்தா நானே கூப்பிட மாட்டேனுங்களா அம்மணி?"

2 கூட அழுத்தலையே. 2ன்னா கோவம்னு வெச்சுக்கலாம். ஒண்ணுமே இல்லைன்னா என்ன அர்த்தம்? கை வலியா? போனைத் தொடவே இல்லையா? நானே வேண்டாம்னு விட்டுப்போட்டாளா?

ஜனவரி 30

காலை பத்து மணிக்குத் தனபால் அண்ணன்: "1 வந்துருச்சுங்க."

சந்தோஷப்பட வேண்டியவள் போனை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன். அழுத்தலாமா? என்ன சொல்றது? நான் யோசிப்பதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"எந்தக் குரலும் வேண்டாம். உன்ற குரல்ல சொல்லு."

யோசித்து வைத்திருந்த ஜோக்கையெல்லாம் விட்டுவிட்டேன். "நான்தான் ஹர்ஷி பண்ணினேன். உன் கைய நான்தான் உடைச்சேன்."

"பரவால்லைன்னு சொல்லமாட்டேன்," என்றாள். "என்னையக் கடைசி பேட்ச்ல போட்டிருக்காங்க. கருவியப் பிடிக்க ஆள் தருவாங்களாம். ஆனா பிசிக்ஸ் ரெக்கார்டுல ஏழு சோதனை எழுதப் பாக்கி. இடது கையில எழுதினா கோழி கிண்டுன மாதிரி இருக்குது. நான் சொல்லச் சொல்ல நீ எழுதணும். வேற ஒண்ணும் பேசக் கூடாது."

"ம்."

"ம்முன்னும் சொல்லாதே."

பொள்ளாச்சி லோடு இறக்கிவிட்டு வரும்போது நிஜாம் அண்ணன் அவளிடமிருந்து ரெக்கார்டு நோட்டை வாங்கி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பிப்ரவரி 2

நாலு சோதனை முடிந்தது. விரல் வீங்கிவிட்டது, ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குக் கடைசி வரியை எழுதி முடித்ததும் தினமும் போல அவள் போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்குடி?" என்று கேட்டாள்.