மஞ்சள் தாவணியில் முந்திரிக் கறை

உன் கருமாதிக்கு வந்துவிட்டு, கடைசியில் நீ குடியிருந்த திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் மடியில் முந்திரிப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் பழங்கள் நசுங்கி, சாறு என் புடவையில் வழிந்தது. “ஐயோ, முந்திரிக் கறை போகாதேம்மா” என்று அவள் பதறினாள். “பரவாயில்லம்மா, எனக்கு இது பழக்கந்தான்” என்றேன். அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியபோது, செத்தும் நீ என்னை விடமாட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மரக்காணத்தில் இறங்கியதும் டீக்கடையில் தண்ணீர் கேட்டு வாங்கி அங்கேயே அலசினேன். பிறகு வீட்டுக்கு வந்து, உப்பும் எலுமிச்சையும் தேய்த்து வாளியில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாதாம். நான் உன்னைப் பற்றிப் பேசவில்லை, உன்னிடமே பேசுகிறேன். உயிரோடிருந்தபோது ஒரு நாளும் நீ காது கொடுக்கவில்லையே.

எழுபதுகளின் தொடக்கம். ஒரே தெருவில் ஒன்றாக வளர்ந்த நாம் இருவரும் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த கோடை. டீச்சர் டிரெய்னிங்கில் சேர்ந்தே சேர்வது என்று பேசி வைத்திருந்தோம். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த என் அப்பா, “எம் பொண்ணு டீச்சராவப் போறா” என்று உப்பு ஏற்ற வரும் லாரிக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பரீட்சை முடித்ததற்காகப் பாண்டியிலிருந்து எனக்கொரு தாவணி வாங்கி வந்தார். இளமஞ்சள் நிறம், பச்சைக் கரை. நம் தெருவில் அப்படி ஒன்று வேறு யாரிடமும் இல்லை.

நான் இரண்டு தரம் கட்டியிருப்பேன். மூன்றாம் தரம் கட்டுவதற்குள் நீ கேட்டாய். “பாண்டில அத்தை வீட்டு விசேஷம்டி, ஒரே ஒரு நாள் குடு.” யோசிக்கவே இல்லை, எடுத்துக் கொடுத்தேன். எனக்குக் கணக்குப் போட வராதபோது பொறுமையாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவள் நீ. எனக்குக் காய்ச்சல் வந்தால் உன் வீட்டுக் கஞ்சி வரும். உன்னை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதனால்தான் இந்தக் கோபம் ஆறவில்லை.

மறுநாளே மடித்து, கரிப்பெட்டியில் இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாய். என்ன அக்கறை என்று என் அம்மா மெச்சினாள். இரண்டு நாள் கழித்து நான் மடிப்பைப் பிரித்தபோதுதான் உள்ளே பழுப்பாகத் திட்டுத் திட்டாகக் கறை இருந்தது. உன்னிடம் ஓடிவந்து கேட்டேன். “வழியில முந்திரிப்பழம் வாங்கித் தின்னேன்டி, ஒழுகிடுச்சு. இரு, போக்கிடலாம்” என்றாய்.

எப்படியெல்லாம் பாடுபட்டோம்! நம் தெருக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று, ஊருக்கு வெளியே இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எலுமிச்சையில் உப்பைத் தொட்டுத் தேய்த்தோம். புளி கரைத்து ஊற்றினோம், மோரில் ஊற வைத்தோம், உவர்மண் குழைத்துப் பூசி வெயிலில் போட்டோம். மஞ்சள்தான் வெளுத்தது, கறை அப்படியே இருந்தது. ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் அலசியிருந்தால் பாதியாவது போயிருக்கும். நீ அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திவிட்டாய். அப்புறம் எந்த மருந்து கேட்கும்? “முந்திரி சீசன் ஓஞ்சா கறையும் ஓஞ்சிடும்டி, எங்கம்மா சொல்லும்” என்று என்னைத் தேற்றினாய். நானும் நம்பி, தாவணியை எங்கள் வாசல் கொடியில் காயப் போட்டேன்.

அன்று பொழுது சாயும் நேரம் அப்பா வந்தார். டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் முந்திரித் தோப்புக் காவல்காரர் அவரிடம், “மேஸ்திரி, போன வாரம் உம் பொண்ணு எவனோடயோ தோப்புக்குள்ள நின்னுது. முதுகுப் பக்கந்தான் பாத்தேன். ஆனா அந்த மஞ்சத் தாவணி தெரியாதா எனக்கு?” என்று சொல்லியிருக்கிறார். வாசலில் வந்து நின்ற அப்பா என்னைப் பார்க்கவில்லை, கொடியைத்தான் பார்த்தார். கறையைப் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கே விளங்கியது. அத்தையும் இல்லை, விசேஷமும் இல்லை. “அப்பா, நான் கட்டல. அவளுக்குக் குடுத்தேன்” என்று கத்தினேன். உன்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நீ வந்து நின்றாய். உன் அம்மாவும் உன் பின்னாலேயே வந்து நின்றாள்.

“நீ சொல்லும்மா. இவ தாவணிய நீ வாங்கிக் கட்டினியா?” என்று அப்பா கேட்டார். அதட்டலாகக்கூட இல்லை, கெஞ்சுவது போலத்தான் கேட்டார். ஆமாம் என்று நீ சொல்லிவிட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டதை அந்த முகத்திலேயே பார்த்தேன்.

“இல்ல சித்தப்பா. எனக்கு எதுவும் தெரியாது.”

உன்னைக் காப்பாற்ற உனக்கு அந்தப் பொய் தேவைப்பட்டது. அது புரியாத முட்டாள் இல்லை நான். ஆனால் பொய் சொன்னபிறகு என்னைப் பார்த்தாய் பார், ‘நீ பொறுத்துக்கொள்வாய்’ என்பது போல. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என்னை யாரும் அடிக்கவில்லை. டிரெய்னிங் பேச்சு மட்டும் அந்த வீட்டில் அப்புறம் எழவே இல்லை. ஆவணியிலேயே என்னை உள்ளூரில் ஒரு தூரத்து உறவில் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டிலும் உப்பளந்தான் பிழைப்பு. பாத்தியில் உப்பு வாரி வாரிக் கால் வெடித்தது. வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லித்தான் பல்லைக் கடித்தேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். தின்றது நீ, தண்ணீர் குடித்தது நான்.

நீ தனியாகவே போய் டிரெய்னிங் முடித்தாய். தோப்பில் நின்றவனை விட்டுவிட்டு வேறொருவரைக் கட்டிக்கொண்டாய். அவன் யார் என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திற்கே டீச்சராக வந்தாய். என் மகளும் உன் வகுப்பில்தான் படித்தாள். ஒரு நாள் அவள் பையை வீசிவிட்டு வந்து ஒப்பித்தாள்:

“அம்மா, தையல் வகுப்புல கறை எடுக்கச் சொல்லிக் குடுத்தாங்க. மை பட்டா பால், ரத்தம்னா பச்சத் தண்ணி, எண்ணெய்னா அரப்புத்தூள், மஞ்சள்னா வெயில். எதுவா இருந்தாலும் காயறதுக்குள்ள கழுவிடணுமாம். மறைக்கறேன்னு மேல இஸ்திரி மட்டும் போடவே கூடாதாம். டீச்சர் ரெண்டு தரம் சொன்னாங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அடுப்பில் சோறு அடிப்பிடித்துப் போயிற்று. என் மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு விளங்கியது. கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்ல முடிந்ததை என் அப்பாவுக்கு முன்னால் வந்து சொல்லியிருக்கலாம். அப்போதும் அவர் உயிரோடுதான் இருந்தார். உண்மை தெரியாமலே பிறகு போய்ச் சேர்ந்தார்.

இதையெல்லாம் முழுங்கிக்கொண்டுதான் உன் கருமாதிக்கு வந்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் மூக்கு அவளுக்கு. “அம்மா உங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க ஆன்ட்டி. ரெண்டு பேரும் சேர்ந்து டிரெய்னிங் போறதா இருந்ததாமே? நீங்கதான் படிப்பு வேணாம், கல்யாணம் பண்ணிக்கறேன்னு சொல்லிட்டீங்களாம்” என்றாள்.

இத்தனை வருடம் கழித்து, அதன்மேலும் ஒரு இஸ்திரி போட்டுவிட்டாயா?

அழுது வீங்கிய அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மறுபடியும் நானே பொறுத்துக்கொண்டேன்.

இப்போது எழுந்துபோய் வாளியைப் பார்த்தேன். கறை போய்விட்டது. வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், சுவடே இல்லை. உடனே கழுவினால் இவ்வளவுதான் வேலை. அந்தத் தாவணி எப்போதோ கரித்துணியாகிப் போயிற்று. என்னிடம் மிச்சம் இருப்பது என் அப்பா கேட்ட கேள்வியும், அதற்கு உன் வாயிலிருந்து வராத பதிலும்தான்.

உன் மகள் ஞாயிற்றுக்கிழமைதான் சென்னைக்குத் திரும்புகிறாளாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். இந்தப் புடவையையே கட்டிக்கொண்டு போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே, உன் பாடந்தான். காய்வதற்குள் கழுவிவிட வேண்டும்.