முதல் நாத்து

2.10.2024
சாயங்கால முதியோர் எழுத்து வகுப்பை முடித்ததற்கு டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்தாங்க. எழுபத்தொரு வயசில் எனக்கு ஒரு நோட்டு! ஒரு வரிக்கு ஒரு பீடி நேரம் ஆகிறது. ஆகட்டும். அட்டையில் கோபால் என்று நானே எழுதி, மருமகள் அமுலுவிடம் காட்டினேன். 'நல்லா கீது மாமா' என்று சிரித்தாள். என் மகன் செத்துப்போன இந்த மூன்று மாசத்தில் இன்றுதான் சிரிக்கிறாள்.

5.10.2024
குத்தகைக் கழனி இரண்டில் ஒன்றில் நடவு. ஆள் கூட்டி வரும் முனியம்மாள் போன வருசம், 'கைராசிக்காரி' என்று அமுலுவைத்தான் முதல் நாத்து நடச் சொன்னாள். இன்று அவளே, 'நீ வரப்புல நில்லு அமுலு. தாலி கீறவ மொதல்ல நடட்டும்' என்றாள். அமுலு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து நாத்துக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

6.10.2024
என் பெண்டாட்டி செத்து ஒன்பது வருசம். என்னை ஒருத்தரும் வரப்பில் நிற்கச் சொன்னதில்லை. ஏன்? இது எனக்கு ஏன் நேத்து வரைக்கும் தோணல?

7.10.2024
'நாளைக்கு அடுத்த கழனியில் அமுலுதான் முதல் நாத்து' என்று முனியம்மாளிடம் சொன்னேன்.
'படிச்சதும் பெருசுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு' என்று சிரித்தாள். அப்புறம் சிரிக்கல. 'எங்க பொம்பளைங்க எறங்க மாட்டாங்கண்ணா. வூட்ல புருசன் கீறான், புள்ளைங்க கீது.'

8.10.2024
அமுலு நட்டாள். ஆள் ஒருத்தரும் வரல.

11.10.2024
நாங்க ரெண்டு பேர்தான். இடுப்பு வளைய மாட்டேங்குது. நாத்து முத்திக்கினே போவுது—
'என்னாலதானே மாமா. நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன்.'
'நானும் வர்றேன். உங்கம்மா எனக்குச் சோறு போடுவாங்களா, கேளு.'
அவள் சிரிக்கல. அடுத்த நாத்துக்கட்டை எடுத்துக்கினு சேத்துல இறங்கினாள்.

13.10.2024
முனியம்மாள் கூட்டத்து சிட்டம்மாள் காலையில் தனியாக வந்தாள். புருசன் செத்த பன்னிரண்டு வருசமாக, முதல் நாத்து நட்டு முடியும்வரை வரப்பில் நின்றவள்.
'யோவ் கோபாலு, இங்க எறங்கினா அவளுங்க இனிமே என்னை வேலைக்குக் கூப்பிட மாட்டாளுங்க. தெரிஞ்சுதான் வந்தேன்.'
நடாமல் கிடந்த மேற்கு மூலைக்கு அமுலு அவளைக் கூட்டிப்போய், கையில் நாத்தைக் கொடுத்தாள். 'நீ மொதல்ல நடுக்கா.'
சிட்டம்மாள் சேற்றில் அப்படியே நின்றாள். அப்புறம் குனிந்தாள்.

16.10.2024
கழனியில் பாதி சேறாகவே நின்றுவிட்டது. மீதி நாத்தை மாட்டுக்குப் போட்டோம். சிட்டம்மாளை இனி வேலைக்குச் சேர்க்க மாட்டோம் என்று முனியம்மாள் கூட்டத்தார் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.
இன்று அவளும் அமுலுவும் சாலவாக்கம் பஸ் ஏறினார்கள். அங்கே சிட்டம்மாளின் நாத்தனார் இருக்கிறாள். அவளும் வரப்பில் நிற்கிறவள்தானாம். அடுத்த நடவுக்கு எங்களோடு இறங்க வருவாளா என்று கேட்கப் போயிருக்கிறார்கள்.