பதினான்காம் அறையின் இரண்டு கண்காணிப்பாளர்கள்

இன்று காலை கல்லூரித் தேர்வுப் பிரிவுக்குள் நுழைந்ததும் அரக்கு உருகும் வாசனை. உன் நாற்காலிக்குப் புதிதாக வந்திருப்பவர் விடைத்தாள் கட்டுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார். பாவம், கை வரவில்லை. பாதி அரக்கு துணியில், பாதி மேசையில். நீ இருந்திருந்தால், "சார், இது தோசை இல்ல, பரப்பக் கூடாது" என்றிருப்பாய். நான் கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்து, வராந்தாவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னோடு பேசி அதற்கும் மேல். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இதே கல்லூரியின் விடுதியில் ஒரே அறையில் படுத்துப் படித்தவர்கள் நாம். நான் வரலாற்றுத் துறையில் பேராசிரியர் ஆனேன். நீ தேர்வுப் பிரிவில் எழுத்தர். மற்றவர்கள் முன்னால் நான் உனக்கு "சார்". கதவு மூடியதும் "ஏலே". இருபது வருடத்தில் ஒருமுறைகூட நீ இதை மாற்றிப் போட்டதில்லை. நானோ யார் யார் என்னை எப்படிக் கூப்பிட்டார்கள், யார் கூப்பிடவில்லை என்று மனசுக்குள் பட்டியல் போட்டு வைத்திருப்பவன். உடன்குடியில் அப்பாவின் கருப்பட்டிக் கடையைத் தனக்கென்று எழுதிக்கொண்ட அண்ணன் முதல், எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவியை வாங்கிக்கொண்டவர் வரை ஒருவரும் அதில் விடுபடவில்லை.

அந்தப் பட்டியலில் ஆறு வருடம் முதலிடத்தில் இருந்தவள் விலங்கியல் துறையின் சண்முகவடிவு. காரணம் உனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும்.

அந்த வருடக் கல்லூரி மலருக்கு அவள் ஆசிரியர். நான் முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு கட்டுரை கொடுத்தேன். மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று இந்தக் கரையில் சொல்லிவந்ததை விரிவாக எழுதி, கடைசிப் பத்தியில் இது நம்பிக்கை மட்டுமே, அறிவியல் வேறு சொல்கிறது என்று முடித்திருந்தேன். மலர் வந்தது. கடைசிப் பத்தி இல்லை. அந்த இடத்தில் உப்பு வியாபாரி ஒருவரின் வாழ்த்து விளம்பரம். அதற்கு மேலே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு: "மழைத்துளி முத்தாகாது. வரலாற்றுத் துறையினர் ஐயமிருந்தால் விலங்கியல் துறையை அணுகலாம். - ஆசிரியர்."

கல்லூரி முழுக்கச் சிரித்தது. பத்தியை அவளே வெட்டிவிட்டு அவளே கிண்டலும் செய்திருக்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். ஆறு வருடம் அவள் வரும் படிக்கட்டில் நான் ஏறவில்லை.

போன வருடம் நவம்பர் தேர்வுக்கு நீ போட்ட ஹால் டூட்டிப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் தலை சூடேறியது. பதினோரு தேர்வுகள். பதினொன்றிலும் மாடியில் பதினான்காம் அறை. பதினொன்றிலும் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர்.

"ஏலே, வேற ஆளே கெடைக்கலியா ஒனக்கு?"

"நான் என்னலே செய்ய? கம்ப்யூட்டர் போடுத பட்டியல்."

உன் கம்ப்யூட்டர் இரண்டு மாதமாகத் துணி போர்த்திக் கிடந்தது. அதன் மேல் உன் சாப்பாட்டுத் தூக்குச்சட்டி இருந்தது.

அன்றைக்கே முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். தேர்வுப் பிரிவு எழுத்தர் வேண்டுமென்றே பாரபட்சமாக நடக்கிறார், அவரை அந்தப் பொறுப்பிலிருந்து விலக்க வேண்டும் என்று. உன்மேல் எழுதிய புகாருக்கு உன் மேசையிலிருந்தே வெள்ளைத்தாள் எடுத்தேன். நீதான் எடுத்தும் கொடுத்தாய்.

ஹால் டூட்டி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாதா? மூன்று மணி நேரம் புத்தகம் கூடாது, போன் கூடாது, உட்காரவும் கூடாது. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டும். நான் சன்னலோரம் நடந்தேன். அவள் சுவரோரம் நடந்தாள். விடைத்தாள் கட்டும் நூல் அவளிடம் இருந்தது. ஒரு மாணவன் நூல் கேட்டான். நான் நடு வரிசையில் எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம் குனிந்து, "மேடத்துகிட்ட நூல் வேணும்னு சொல்லும்மா" என்றேன்.

"மேடம், சார் நூல் கேக்காங்க."

"எத்தனைன்னு கேளு."

"சார், எத்தனைன்னு கேக்காங்க."

"ரெண்டு."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "சார், நான் பரீட்ச எழுதட்டுமா?"

அறையே சிரித்தது. வடிவு என்னை நேராகப் பார்த்து, "நூல் இங்கனதான் இருக்கு. வந்து எடுத்துக்கிடலாம். கடிச்சிர மாட்டேன்" என்றாள். ஆறு வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. போய் எடுத்துக்கொண்டேன். காதெல்லாம் சூடாக இருந்தது.

நான்காம் தேர்வன்று மழை. சன்னல் கதவு உப்புக்காற்றில் துருப்பிடித்து மூடவே மாட்டேன் என்றது. சாரல் விடைத்தாளில் அடிக்க, இரண்டு பேருமாக மேசைகளை இழுத்துப் போட்டோம். ஒரு மேசை என் கால் பெருவிரலில் இறங்கியது. அவள் கண்ணில் சிரிப்பும் கவலையும் ஒன்றாக வந்தன. மறுநாள் நான் நொண்டிக்கொண்டு வந்தபோது, உட்காரக் கூடாத அறையில் எனக்காக ஒரு நாற்காலி கிடந்தது. "பறக்கும் படை வந்தா நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களை எண்ணுவதில் தகராறு வந்தது. என் கணக்கு நாற்பது, அவள் கணக்கு முப்பத்தொன்பது. திரும்ப எண்ணுவோம். மாணவர்கள் போனபின் அரை மணி நேரம் எண்ணிக்கொண்டே இருப்போம். எல்லா நாளும் நாற்பதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டாள். கீழே விடைத்தாள் கட்டுக்கு முத்திரையிடக் காத்திருந்த நீ ஒருநாளும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

என் புகார் என்ற ஒன்று இருப்பதையே நான் மறந்திருந்தேன். கோப்பு மறக்கவில்லை. கடைசித் தேர்வுக்கு முந்தின நாள் முதல்வர் மூவரையும் கூப்பிட்டார். உன்னை விலக்கும் உத்தரவு தட்டச்சாகிக் கையெழுத்துக்காக மேசையில் இருந்தது.

"மேடம், உங்களுக்கு இந்த டூட்டியில ஆட்சேபணை உண்டா?"

"எனக்கு ஒண்ணுமில்ல சார். இவுககிட்டதான் கேக்கணும்."

"உங்களுக்கு?"

"இப்போ இல்ல சார்" என்றேன். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நீ அதோடு வாயை மூடியிருக்கலாம். தப்பித்திருப்பாய். ஆனால் அவர், "வேணும்னு போட்டீரா, இல்லியா?" என்று கேட்டதும், "ஆமா சார், வேணும்னுதான் போட்டேன்" என்றாய். பிறகு மீதியையும் சொன்னாய். மலர் அச்சான வாரம் அச்சகத்துக்குப் போய்ப் பக்கம் திருத்தியது நீ. விளம்பரம் தாமதமாக வந்தது. இடம் இல்லை. என் கடைசிப் பத்தியை எடுத்தது நீ. பத்தி போனபின் படித்த வடிவு, படித்தவர் ஒருவர் இப்படி உளறியிருக்கிறாரே என்று அடிக்குறிப்பு போட்டாள். "அன்னைக்கே சொல்லியிருக்கணும் சார். பயந்துட்டேன். நாளாக நாளாகச் சொல்ல முடியல. ரெண்டு பேரும் ஒரு அறையில நின்னா அவுகளே பேசித் தீத்துக்கிடுவாகன்னு நெனச்சேன்."

வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முதல்வரும் சிரித்து, அந்த உத்தரவைக் கிழித்துப் போட்டார். நான் மட்டும் எழுந்து வெளியே போனேன். நாற்பதுக்கும் நாற்பத்தாறுக்கும் நடுவில் ஆறு வருடம். அந்த வயதில் அது சின்னத் தொகையா? ஒரு விளம்பரத்துக்காக நீ எடுத்தது என் பத்தியை மட்டுமா?

வடிவு பின்னாலேயே வந்தாள். "ஆறு வருஷம் போச்சேன்னு கோவமா?"

"ஆமா."

"எதுக்கு? அடிக்குறிப்புக்கா?"

நான் லாரிகள் போகும் பக்கம் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளும் வேறெங்கோ பார்த்தபடி சொன்னாள்: "அப்போ மிச்ச வருஷத்தையும் இப்படி உம்முன்னு நின்னே கழிச்சிருவமா?"

எங்கள் கல்யாணம் அப்படித்தான் முடிவானது. தை மாதம். ஏரல் பக்கத்திலிருந்து அவள் சொந்தக்காரர்கள் இரண்டு வேன்களில் வந்தார்கள். என் அண்ணன்கூட வந்தார். அவரோடு பேசினேன். உன்னோடு பேசவில்லை. "அவுக இல்லாட்டி நாம ஏது? போய்ப் பேசுங்க" என்று வடிவு தினமும் சொன்னாள். ஏப்ரல் தேர்வு முடியட்டும் என்றேன். உனக்கு ஒரு ஆறு மாதமாவது தண்டனை வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

பங்குனியில் ஒரு காலை, அலுவலகத்துக்குக் கிளம்ப வண்டியை எடுத்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். நான் வகுப்பில் இருந்தேன். ஆறுமுகநேரி வந்து சேர்ந்தபோது உன் வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. உன் மனைவி என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அதை எதிர்பார்த்தேன் என்பதே சரி.

"அண்ணே, நேத்துகூடச் சொன்னாவ. 'அவன் ஏப்ரலுக்குள்ள பேசிருவான். முந்தி மாதிரி ஆறு வருஷம்லாம் இழுக்க மாட்டான். இப்பம் வீட்ல அதட்ட ஆள் இருக்குல்லா'ன்னு சொல்லிச் சிரிச்சாவ."

பதினான்காம் அறையில் நீ எங்களை நம்பியது போலத்தான் என்னையும் நம்பியிருந்திருக்கிறாய். அங்கே நாங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொண்டோம். உன்னோடு பேச நான் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் கல்யாணப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. மேடைக்கு நீ ஏறி வந்தபோது எடுத்தது. நீ புதுச்சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு. வடிவு உன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டதுபோல் முகத்தைத் திருப்பியிருக்கிறேன். வேறு நல்ல படங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றை மாட்டலாம் என்று வடிவு சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

வருகிறவர்கள் கேட்கிறார்கள், "சார் ஏன் அங்கிட்டுப் பாக்குறீக?" போட்டோக்காரர் கூப்பிட்டார் என்று சொல்லிவிடலாம். சொல்வதில்லை. "எங்களைச் சேத்து வச்சவன் இவன். அன்னைக்கு இவன்கூட நான் பேச்சுவார்த்தை இல்ல" என்கிறேன். பிறகு அவர்களை உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறேன்.