வாப்பாவைப் புகழ்ந்ததால் வந்த வினை

அன்பு மகள் மர்ஷூதாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உன் வாப்பாவும் நானும் சுகம், நீயும் அந்தக் குளிருக்குள் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஐந்து வக்திலும் துஆ கேட்கிறேன். கையில் போன் இருக்க உம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ யோசிப்பாய். நீ அனுப்பும் வொய்ஸ் மெசேஜை எல்லாம் எனக்கு முதல் உன் வாப்பாதான் போட்டுக் கேட்கிறார், அதுவும் ஒழுங்கையில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் கேட்கிற சத்தத்தில், நான் பேசினால் பின்னால் வந்து நிற்கிறார். அதனால் லீட்ஸுக்குத் திரும்புகிற ஷிம்லாவிடம் இதைக் கொடுத்து விடுகிறேன், நான் கிண்டிய தொதல் இனிப்புப் பார்சலுக்கு அடியில் இருக்கும். போன வருஷம் உனக்குப் பேசி வந்த அந்தச் சம்பந்தக் கதையில் நான் உன்னோடு கத்தியதற்குப் பிறகு நீ இரண்டு பெருநாளுக்கும் வரவில்லை. படிப்பு, வேலை என்கிறாய், நானும் சரி என்கிறேன், அந்தக் கதையை இப்போது விடுவோம்.

மனிதன் ஒரு காரியத்தை ஏன் செய்கிறான், ஏன் செய்யாமல் விடுகிறான் என்று நீ அங்கே படிக்கிறாயே, அந்தப் படிப்பு இங்கே கற்பிட்டியில் பட்ட பாட்டைக் கேள். வாப்பாவுக்குச் சீனி வருத்தம் கூடி, கையில் வந்த புண் ஆறாமல் கிடந்ததும், தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். இவரோ தொழப் பள்ளிக்குக்கூட த்ரீவீலில்தான் போனார். நான் ஏசினேன், அழுதேன், சீனிப் போத்தலை அரிசிக்குள் ஒளித்து வைத்தேன், மோப்பம் பிடித்து எடுத்து விட்டார். அப்போதுதான் நீ சொன்னாய், ஏசினால் ஆள் இன்னும் முரண்டு பிடிக்கும், அவர் செய்கிற சின்னச் சின்ன நல்ல காரியத்தைப் பார்த்து உடனே பாராட்டுங்கள், ஆசை தானாக உள்ளேயிருந்து வரும் என்று. படித்த பிள்ளை சொல்கிறாள் என்று நானும் தொடங்கினேன்.

முதல் நாள் சாரத்தைக் கழுவித் தானே கொடியில் போட்டார், நல்லா விரிச்சிப் போட்டிருக்கீங்க என்றேன். யாரோடு பேசுகிறேன் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார். அடுத்த நாள் சீனி குறைத்துப் பிளேன்டி குடித்தார், உங்களுக்கு நல்ல மனக்கட்டுப்பாடு என்றேன். பிளேன்டியை அப்படியே வைத்து விட்டார். மூன்றாம் நாள் தாடியை வெட்டிக்கொண்டு வந்தார், அழகா இருக்கீங்க என்று சொல்லி விட்டேன். மனிதன் வெளிறிப்போய்க் கதிரையில் உட்கார்ந்து, ஸுலைஹா ஒளிக்காமச் சொல்லு, அண்டைக்கு டொக்டர் உன்னத் தனியக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்று கேட்டார். டொக்டர் சொன்னது குளிசையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்லித்தான். ஆனால் மனம் நோகிற மாதிரி ஒன்றும் சொல்லக் கூடாது என்று நீ சொல்லியிருந்தாயே, அதனால் சிரித்துக்கொண்டு, ஒண்டுமில்ல, நீங்க நல்லா இருக்கீங்க என்றேன். அவ்வளவுதான், தனக்கு மவுத்து நெருங்கி விட்டது என்று முடிவு கட்டி விட்டார்.

அடுத்த நாளிலிருந்து, சாகுமுன் பிழை பொறுக்கச் சொல்லி ஊரெல்லாம் பொருத்தம் கேட்கக் கிளம்பினார். பொருத்தம் கேட்கப் போகிறவன் த்ரீவீலில் போய் இறங்கக் கூடாது, நடந்துதான் போக வேண்டுமாம்! டெய்லரிடம் போனார், பாண் சுடும் போறணைக்காரரிடம் போனார், பள்ளி முஅத்தினிடம் இரண்டு தரம் போனார். ஊரில் பாதிப் பேருடன் இவர் கோபித்திருந்ததால் நடப்பதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு மாதத்தில் சீனி இறங்கி, கையில் இருந்த புண்ணும் காய்ந்து விட்டது. கிளினிக்கில் என்னைப் பாராட்டினார்கள்.

கடைசியில் தன் மூத்த நானா, உன் பெரிய வாப்பா உசனாரிடமும் போனார். வெங்காயத் தோட்டத்துப் படலையை யாரோ திறந்து விட்டதால் கழுதைகள் உள்ளே போய்ப் பாத்தியெல்லாம் மிதித்த அன்றிலிருந்து, எட்டு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லையே. இவர் போய்க் கையைப் பிடித்து, நானா என்னப் பொருந்திக்கோங்க, ஆனா படலயத் திறந்து விட்டது நீங்கதான் என்றாராம். சாகப் போகிற தம்பி என்று நினைத்து அவரும் அழுது, ஓம் தம்பி, நான்தான் என்று ஒப்புக்கொண்டாராம். இப்போது இரண்டு பேரும் விடியச் சுபஹ் தொழுதுவிட்டுத் தோட்டத்துக்கு ஒன்றாக நடக்கிறார்கள்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை மகள். உண்மையைச் சொன்னால் நடப்பதை விட்டுவிடுவார், சொல்லாவிட்டால் ஒரு மனிதனைச் சாவுப் பயத்தில் வைத்திருந்த பாவம் எனக்கு. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது தாங்க முடியாமல் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், உங்களுக்கு ஒண்டுமில்ல, மகள் சொல்லித் தந்த பாடம்தான் என்று. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, தெரியும், ரெண்டாம் கிழமையே கிளினிக் நேர்ஸ் மிஸ்ஸிட்டக் கேட்டன், அவ சிரிச்சா என்கிறார். நானாவிடம் போனது அதற்குப் பிறகல்லவா என்று கேட்டேன். சும்மா போக வெக்கமா இருந்திச்சு, சாகப் போறன் எண்டு போனா வெக்கமில்ல என்றார். அப்ப என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். முப்பத்திரண்டு வருஷத்தில இப்பதான் என்னப் பாத்து அழகெண்டு சொன்னாய், உண்மையச் சொன்னா நிப்பாட்டிப் போடுவாய் எண்டு பயந்திட்டன் என்றார். இதற்கு உன் புத்தகத்தில் என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ தெரியாது, எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இப்போது தினமும் காலையில் ஏதாவது நல்லது சொல்ல வேண்டியிருக்கிறது, பாராட்ட விஷயம் தீர்ந்து போய் நேற்று அவருடைய காதைப் பாராட்டினேன்.

ஒன்றை மறந்து விடாதே, பெரிய வாப்பா போன் எடுத்தால் கொஞ்சம் கவலையான குரலில் பேசு. உண்மை தெரிந்தால் அவர் படலைக் கதையை மாற்றி விடுவார் என்று வாப்பா பயப்படுகிறார். பெரிய வாப்பா வேறு, மவுத்தாகப் போற ஆள் என்ன விட வேகமா நடக்கிறானே என்று சந்தேகப்படத் தொடங்கி விட்டார். நேரத்துக்குச் சாப்பிடு, நூடுல்ஸில் காலம் தள்ளாதே, தலையை ஈரத்தோடு விடாதே.

மகள், நீ ஓஎல் பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்த அன்று, அடுப்பில் சோறு கிடக்குது பார் என்று மட்டும் சொன்னேன். பிறகு கிணற்றடியில் போய்ச் சந்தோஷத்தில் அழுதேன், அதை உனக்குச் சொல்லவேயில்லை. நீ கெட்டிக்காரி. அந்தச் சம்பந்தத்தை வேண்டாம் என்று சொன்னதும் சரிதான், கத்தியது என் பிழை, என்னைப் பொருந்திக்கொள். இதை வாசித்துவிட்டு உம்மாவுக்கு என்னவோ வந்து விட்டது என்று பயப்படாதே, என்னுடைய ரிப்போட் எல்லாம் சுத்தம். ஆனால் சும்மா வர வெட்கமாக இருந்தால், உம்மாவுக்குக் கடும் சுகமில்லை என்று சொல்லி லீவு எடுத்துக்கொண்டு வா.

அல்லாஹ் உன்னை எல்லாக் கெடுதியிலிருந்தும் காத்து, முகத்தோடு முகம் பார்க்கிற நாளைச் சீக்கிரம் தரட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் உம்மா,
சித்தி ஸுலைஹா ஜௌபர்
கற்பிட்டி